பாட்டி காசு

அண்டாபுக்கியோ
லிமா மலைநாடு
1968 பிப்ரவரி 20

என் கண்ணான மகள் ஒலிண்டாவுக்கு,

உன் அம்மா தொமாசா எழுதுவது. பெண் குழந்தை பிறந்த செய்தி லாரிக்காரர் கையால் வந்து சேர்ந்தது. நான் உறையைப் பிரிப்பதற்குள் வாசலில் பாதி ஊர் கூடிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். என் கடிதத்தை நானே படித்து நானே பதில் எழுதுவேன். பக்கத்து வீட்டுக் கஸில்டாவைப் போல ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே வாசித்தேன். 'மூக்கும் முழியுமாக இருக்கிறாள், நெற்றி உங்களைப் போல' என்று நீ எழுதிய வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தேன். கஸில்டாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாயிற்றே.

இர்மா என்ற பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. என் பெயரையும் சேர்த்திருக்கலாம். போகட்டும்.

இந்த வருஷம் மழை சரியாக வந்தது. உருளைக்கிழங்கு நல்ல திரட்சி. வெள்ளைப் பசு சினையாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை சோசிமோவும் காப்பித் தோட்டம் போடக் காட்டுக்குப் போன நாளிலிருந்து உன் நாய் பாலத்தடியிலேயே படுத்துக் கிடக்கிறது. சோறு வைத்தால் மட்டும் வருகிறது.

இப்போது முக்கியமான விஷயம். பல் முளைப்பதற்கு முன் குழந்தைக்கு உத்தா குத்த வேண்டும். அங்கே போனதும் மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. சாயங்காலத்துப் பொடி ஈ கடிக்காத பிள்ளை இங்கே உண்டா? கடித்த இடம் உத்தாப் புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, ஆறினாலும் குழி விழுந்துவிடும். ஒரு தடவை வந்து போனால் ஆயுளுக்கும் திரும்ப வராது. எப்படியும் வரப்போவதுதானே, முகத்தில் வராமல் இருக்கட்டும் என்றுதான் பாவாடை மறைக்கிற இடமாகப் பார்த்து, புண் வந்தவர் புண்ணில் தொட்ட முள்ளால் நாமே முந்திக் குத்திவிடுகிறோம். கஸில்டா தன் மகள் மாக்சிமாவுக்கு நாளை குத்தலாம், நாளன்றைக்குக் குத்தலாம் என்று தள்ளிப்போட்டாள். ஈ முந்திக்கொண்டது. அந்தப் பெண்ணின் கன்னத்தைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. கடவுள் கொடுத்த நல்ல முகம், அடுப்பில் தவறவிட்ட ரொட்டி மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் மாதச் சான் ஹுவான் திருவிழாவுக்கு இர்மாவைத் தூக்கிக்கொண்டு வா. என் கையால் குத்துகிறேன். என் கை குத்தின ஒரு பிள்ளைக்கும் இதுவரை முகம் கெட்டதில்லை.

முத்தங்களோடு,
அம்மா தொமாசா


அகுவா துல்சே குடியேற்றம்
சதிபோ காடு
1968 ஜூன் 2

அம்மாவுக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு ஒலிண்டா எழுதுகிறேன். வறுத்த சோளமும் பாலாடைக்கட்டியும் வந்தன. கட்டி கொஞ்சம் வியர்த்திருந்தது, ஆனாலும் நம் வீட்டு வாசனை போகவில்லை. அதை நறுக்கும்போது அழுதேன் என்று சோசிமோ கேலி செய்கிறார்.

சான் ஹுவானுக்கு வர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆற்றில் வெள்ளம் வந்து மரப்பாலம் போய்விட்டது. காப்பியும் இப்போதுதான் பழுக்கிறது. நாங்கள் பறிக்காவிட்டால் பறவைகள் பறித்துவிடும்.

ஒரு சந்தேகம். இவருக்கு முழங்கைக்குக் கீழே ஒரு புண். ஓரம் மேடு, நடுவில் பள்ளம், வலி கிடையாது. பார்த்தால் நம் உத்தாவேதான். ஆனால் இவருக்குத்தான் தொடையில் சின்ன வயதுத் தழும்பு இருக்கிறதே, அம்மா? ஒரு தடவை வந்தால் திரும்ப வராது என்பீர்களே? இங்கே மரம் வெட்டுகிறவர்கள் இதைக் காட்டுப்புண் என்கிறார்கள். "எங்களுக்கெல்லாம் வராது, நாங்க பால் குடிக்கிற வயசுலயே குத்திக்கிட்டவங்க" என்று இவர் அவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவர்கள் விடுவார்களா? "என்ன மலைக்காரரே, உங்க ஊரு ஈ எங்க ஊரு ஈக்குச் சொல்லி அனுப்பலையா?" என்று சிரிக்கிறார்கள்.

சுகாதார நிலையத்து செபெரினோ கோவேறு கழுதை மேல் எப்போதாவது வருவார். புண் வந்தால் காட்டுங்கள் என்கிறார். இவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார்.

இர்மாவுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் இங்கே ஈ அதிகம். சாயங்காலமானால் அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் மூட முடியும்?

உங்கள் ஒலிண்டா


அண்டாபுக்கியோ
1968 ஜூலை 14

மகளே,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். சோசிமோவுக்குக் குத்தியது யார்? கஸில்டா. அவள் முள்ளைப் புண்ணில் தொட்டுவிட்டு, எதிர்வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து குத்துகிறவள். காய்ந்த முள்ளால் தழும்பு விழும், காவல் விழுமா? அதனால்தான் மாப்பிள்ளைக்குத் திரும்ப வந்திருக்கிறது. உனக்கு நான் குத்தினேன். நீயும் அதே காட்டில்தானே இருக்கிறாய்? உன் உடம்பில் ஒரு பொட்டுப் புண் வந்ததா? இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

இதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "உன் கை உலகத்துலயே ஒசந்த கைதான், தாயி. சட்டம் போட்டு சுவத்துல மாட்டு" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பொறாமை.

நீ வர முடியாவிட்டால் என்ன? புண் உன் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. ஆறுவதற்குள் செய்துவிடு. நம் வேலிக் கள்ளியிலிருந்து நல்ல முள்ளாகப் பொறுக்கிக் கம்பளித் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். காட்டு முள்ளை நம்பாதே. மாப்பிள்ளை புண்ணின் ஓரத்தில் தொடு, நடுவில் தொடாதே. தொட்ட கையோடு குழந்தையின் இடது கெண்டைக்காலில் வெளிப்பக்கமாகக் குத்திவிடு. பயப்படாதே. பிள்ளை அழுவாள். அழுதால் முலை கொடு. நீயும் அப்படித்தான் அழுதாய்.

அந்தக் கழுதைக்காரரிடம் காட்டாதே. அவர்களுக்கெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான் தெரியும்.

அம்மா


அகுவா துல்சே
1968 டிசம்பர் 8

அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். இவர் கையை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குத்தியபோது இர்மா அழவில்லை, என்னையே பார்த்தாள். கொஞ்சம் கழித்துத்தான் அழுதாள்.

அறுவடை முடிகிற சமயத்தில் முள் குத்திய இடம் சிவந்து, பிறகு திறந்துகொண்டது. பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் இது நம் ஊர்ப் புண்ணை விடப் பெரியதாக இருக்கிறது. ஆறவும் காணோம். செபெரினோ வந்தபோது குழந்தைக்கு நீளக் காலுறை மாட்டிவிட்டேன். "இந்த வெக்கையில பிள்ளைக்குக் கம்பளி காலுறையா?" என்றார். "மலைப்பிள்ளை, குளிருது" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

பெரியதாக இருப்பது சரிதானா? ஒரு வரி எழுதுங்கள்.

ஒலிண்டா


அண்டாபுக்கியோ
1969 ஜூன் 29

என் ஒலிண்டாவுக்கு,

புண் ஆறிவிட்டது என்ற கடிதமும் இர்மாவின் படமும் சேர்ந்தே வந்தன. நான்தான் சொன்னேனே! காட்டு மண்ணில் எல்லாம் பெரியதாக வளரும். மரவள்ளி வளரவில்லையா, வாழை வளரவில்லையா? புண்ணும் அப்படித்தான். பெரிய புண் என்றால் பெரிய காவல்.

படத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். யார் கதவைத் திறந்தாலும் முதலில் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கஸில்டாகூட வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சுத்தமான முகம்" என்று மட்டும் சொன்னாள். இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

திருவிழாவுக்குப் படக்காரர் வரும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து அனுப்பு. வேறொன்றும் வேண்டாம். எங்களுக்குக் காப்பிகூட அனுப்ப வேண்டாம். (அனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.)

உன் நாய் செத்துப்போய்விட்டது. பாலத்தடியிலேயே புதைத்தேன்.

அம்மா


அகுவா துல்சே
1974 ஜூலை 3

அம்மாவுக்கு,

இந்த வருஷப் படம் இதோடு வைத்திருக்கிறேன். இர்மா பள்ளிக்கூடத்துச் சீருடையில் நிற்கிறாள். முறைக்கிறாள் என்று நினைக்காதீர்கள். படக்காரர் "சிரி, பாப்பா" என்றார். "காசு நீங்களா குடுக்கிறீங்க? பாட்டிக்குத்தானே படம்? நான் பாட்டி மாதிரிதான் நிப்பேன்" என்றுவிட்டாள். இவர் சிரித்துச் சிரித்துத் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

கால் தழும்பு வட்டமாக, பளபளப்பாக ஆகிவிட்டது. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'பாட்டி காசு.' பள்ளிப் பிள்ளைகளிடம் காலுறையை இறக்கி இறக்கிக் காட்டுகிறாள். "எங்க பாட்டி மலையிலேர்ந்து அனுப்பினது. இது இருந்தா எனக்கு ஒண்ணும் வராது" என்கிறாள். மாதா கோயிலில் பாட்டுப் பாடுவதும் அவள்தான். குரல் அவ்வளவு தெளிவு. ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒலிண்டா


அகுவா துல்சே
1976 செப்டம்பர் 19

அம்மாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இவருக்குப் போன வருஷத்திலிருந்தே மூக்கடைப்பு. சளி என்று இருந்தோம். அப்புறம் ரத்தம் வந்தது. மேலுதடு தடித்தது. இப்போது மூக்கின் நடுத்தண்டே இல்லை, அம்மா. நுனி தொங்கிவிட்டது. பேசினால் பாதி சத்தம் மூக்கு வழியாகப் போகிறது. கஞ்சி குடித்தாலும் திரும்பி வருகிறது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

கடைசியில் செபெரினோவை வீட்டுக்கே கூட்டிவந்தேன். பழைய கைத் தழும்பைப் பார்த்தார், விரலை வைத்து மூக்கைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் இர்மா பள்ளியிலிருந்து வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "எனக்கு இதெல்லாம் வராது, பாருங்க பாட்டி காசு!" என்று காலை நீட்டினாள்.

"இது யாரும்மா வச்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

"எதுலேர்ந்து எடுத்தே?"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர்தான் கையை நீட்டிக் காட்டினார்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "உங்க மலையில குத்திக்கிறது பொய்யில்லம்மா. அந்தப் புண்ணு தோலோட நிக்கும். ஆறினா அப்புறம் அது வராது. ஆனா அது வேற பூச்சி, இந்தக் காட்டுப்புண்ணு வேற பூச்சி. அதுக்குப் போட்ட காவலை இது மதிக்காது. இது தோல் ஆறின பிறகும் உள்ளேயே படுத்துக் கெடக்கும். பல வருஷம் கழிச்சு மூக்குல எந்திரிக்கும். சில பேருக்கு எந்திரிக்காமலும் போகும். பிள்ளைக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

"எனக்கும் மலைத் தழும்புதானே இருக்குது, எனக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். "ஈ உன்னைக் கடிக்கல. அவ்வளவுதான்" என்றார்.

லிமாவிலிருந்து ஊசி மருந்து வர வேண்டும். நாள் தவறாமல் போட வேண்டுமாம். இவருக்கு ஒரு பெட்டி வந்தது, பாதியிலேயே தீர்ந்தது. அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை. போன மூக்கு மருந்தால் திரும்ப வராது என்பதையும் சொல்லிவிட்டார்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இர்மாவை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் மூக்குக்குள் பார்க்கிறேன். "என்னம்மா தேடறே, தங்கமா?" என்று கேட்கிறாள்.

ஒலிண்டா


அண்டாபுக்கியோ
1976 அக்டோபர் 15

மகளே,

உன் கடிதத்தைப் படித்தேன். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை.

மாப்பிள்ளைக்காக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் கழுதைக்காரர் சொல்வதை நான் நம்ப மாட்டேன். என் அம்மா குத்தினாள், அவள் அம்மா குத்தினாள், நான் இந்தப் பள்ளத்தாக்குக்கே குத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு மூக்கு போனதாகக் காட்டட்டும் பார்க்கலாம்!

நீ யோசித்துச் சொல். ஓரத்தில்தான் எடுத்தாயா? அவசரத்தில் நடுவில் தொட்டிருப்பாய். நடுவில் இருப்பது கெட்ட நீர் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! முள்ளைக் கழுவிக் கெடுத்தாயா? நான் அனுப்பிய முள்தானா, அல்லது தொலைத்துவிட்டுக் காட்டு முள்ளை எடுத்தாயா? சின்ன வயதிலிருந்தே உனக்குக் கை நிதானம் கிடையாது. பால் கறக்கும்போதுகூடப் பாதி தரைக்குத்தான் போகும். என் கையில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. சான் ஹுவானுக்கு வா என்று சொன்னேன், நீ வரவில்லை.

இர்மாவை இங்கே அனுப்பிவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா


அகுவா துல்சே
1977 ஜனவரி 30

அம்மாவுக்கு,

ஓரத்தில்தான் எடுத்தேன். உங்கள் முள்தான். கழுவவில்லை. இடது கெண்டைக்கால், வெளிப்பக்கம். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாமே என்று இப்போது நினைக்கிறேன். கை நிதானமில்லாதவள்தானே, அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு நிதானமாகக் குத்தினேன்?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இர்மாவின் தலையணையில் ரத்தம் இருந்தது. செபெரினோ பார்த்துவிட்டார். ஊசி வாங்க ஹுவாங்காயோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். இவரைத் தனியே விட்டுப் போக வேண்டியிருக்கிறது. கோயிலில் இப்போது வேறொரு பெண் பாடுகிறாள்.

நேற்று இர்மா காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, பாட்டி காசைத் திருப்பிக் குடுத்துட்டா சரியாயிடுமா?"

இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். மருந்து சொல்ல வேண்டாம். எதையும் அனுப்ப வேண்டாம்.

ஒலிண்டா


அண்டாபுக்கியோ
1977 ஏப்ரல் 11

ஒலிண்டா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுப்பில் போடாதே.

லாரியில் லிமாவுக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்று மருந்து கேட்டேன். "நோயாளி எங்கம்மா?" என்றாள் ஜன்னலில் இருந்த பெண். காட்டில் இருக்கிறாள் என்றேன். "ஆளைப் பாக்காம மருந்து குடுக்க முடியாது, அடுத்த ஆள்" என்றாள். மறுநாளும் போய் நின்றேன். அதே பெண், அதே பதில். வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

இர்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

அம்மா


அண்டாபுக்கியோ
1977 நவம்பர் 2

மகளே ஒலிண்டா,

இன்று கல்லறைத் திருநாள். எல்லோரும் செத்தவர்களுக்குப் படைக்க ரொட்டி சுட்டார்கள். நான் சுடவில்லை.

பால்காரர் மருமகள் கைக்குழந்தையோடு வந்தாள். "தொமாசா அத்தை, பிள்ளைக்குக் குத்தி விடுங்க. ஈ ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள். கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "நேத்திக்கு ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தீங்களே?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் கஸில்டாவிடம் போயிருப்பாள். போகட்டும். இங்கே இருக்கிறவர்களுக்கு இங்கே குத்துவது சரிதான். என்னால்தான் முடியவில்லை.

கள்ளி வேலியை வெட்டிவிட்டேன். ஆடுகள் நுழைந்து சோளத்தை மேய்ந்துவிட்டன. மாக்சிமாதான் வந்து அவற்றை விரட்டினாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகள், தெரியுமா? நான் உனக்கு எழுதவே இல்லை. என் அடுப்படியில் உட்கார்ந்து வளர்ப்புக் கூய் எலிகளுக்குப் புல் போட்டுக்கொண்டே எதையோ சொல்லிச் சிரித்தாள். அந்தக் கன்னத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு குழி, அவ்வளவுதான். சிரித்தால் அதுவும் சேர்ந்து சிரிக்கிறது.

சோசிமோ இருக்கிறாரா? அதையாவது சொல்.

அம்மா


அண்டாபுக்கியோ
1978 ஜூலை 16

ஒலிண்டாவுக்கு,

லாரிக்காரர் உன் உறையைக் கொடுத்தார். உள்ளே கடிதம் இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். படம் மட்டும்தான்.

இர்மா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன உயரம் வளர்ந்துவிட்டாள்! ஒற்றைப் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. நீ பின்னியதா? நன்றாகப் பின்னியிருக்கிறாய். ஒரு மயிர்கூடப் பிரியவில்லை. கறுப்புத் துக்கப்பட்டை தோளில் கட்டியிருக்கிறாள். சோசிமோவுக்காகத்தான் என்று தெரிந்துகொண்டேன். பாதிரியாரிடம் சொல்லிப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன்.

காலுறையை இறக்கிவிட்டிருக்கிறாள். நீ சொல்லியா, அவளாகவா? தழும்பு நன்றாகத் தெரிகிறது. வட்டமாக, ஓரம் மழுங்காமல், நான் குத்தினாலும் இதைவிடச் சுத்தமாக விழுந்திருக்காது. உன் கையில் குறை ஒன்றும் இல்லை, மகளே.

பழைய படத்தை எடுத்துவிட்டு இதை அதே சட்டத்தில் போட்டு மாட்டினேன். கஸில்டா வந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த திருவிழாவுக்கும் படக்காரர் வருவார் அல்லவா? அவளைத் திருப்பி நிற்க வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. வேறு யாருக்கும் காட்ட மாட்டேன். பார்க்க வேண்டியவள் நான்தான்.

தொமாசா